ஒரு கை பிடிங்க

என் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனவனுக்கு நான் நன்றி சொன்னேன். அறுத்த பிறகு அல்ல, அறுப்பதற்கு முன்னால். இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் தொடங்காவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் எனக்குப் பிழை திருத்தும் வேலை. இருபத்திரண்டு வருடமாகிறது. எங்கள் பக்கத்தில் 'கிழமை' என்று யாருக்கும் வாயில் வராது, 'கெளமை'தான். அது சில நேரம் டைப் அடிக்கும் பிள்ளைகளின் விரலிலும் வந்துவிடும். ஏழு கிழமையும், ராகு காலமும், அமாவாசையும் என் கண்ணைத் தாண்டித்தான் அச்சுக்குப் போக வேண்டும். ஒரு தாளில் நான் தூங்கிவிட்டால் எங்கேயோ ஒரு வீட்டில் தப்பான நேரத்தில் தாலி கட்டுவார்கள். அதனால் நான் தூங்குவதில்லை.

இரண்டு வயதில் போலியோ வந்து இரண்டு காலும் போயிற்று. சின்னதில் தவழ்ந்தேன், பிறகு கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டி, இப்போது பத்து வருடமாகச் சக்கர நாற்காலி. வீட்டிலிருந்து அச்சகம் ஒன்றரைக் கிலோமீட்டர். நானே உருட்டிக்கொண்டு போவேன், நானே உருட்டிக்கொண்டு வருவேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெருவே சொல்லும். சொல்லட்டும், பொய்யில்லையே!

நாற்காலிக்குப் பின்னால் இரண்டு கைப்பிடி உண்டு. அதைப் பார்த்தால் போதும், மனிதர்களுக்குக் கை சும்மா இருக்காது. கேட்க மாட்டார்கள். பிடிப்பார்கள், தள்ளுவார்கள். கடைக்குள் நுழையப் போனவளை ரோட்டைக் கடத்திவிட்டு, 'பாத்துப் போங்கம்மா' என்று சொல்லிவிட்டுப் போன புண்ணியவான்கள் எல்லாம் உண்டு. உதவி செய்கிறவனிடம் என்னவென்று சண்டை போடுவது? பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொல்லிப் பழகிவிட்டேன். அந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

வைகாசி மாதம், மதியம் இரண்டரை மணி இருக்கும். அனல் அடித்தது. வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு சின்ன மேடு. மேட்டில் நாற்காலி திடீரென்று லேசாயிற்று. பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான் தள்றேன்க்கா, நீங்க கையை எடுத்துக்கோங்க."

"நல்லா இருப்பீக தம்பி. ரொம்ப நன்றி" என்றேன். கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மேடு முடிந்ததும் அவன் நேரே போகாமல், பூட்டிக் கிடந்த ஒரு குடோன் பக்கமாகச் சந்துக்குள் திருப்பினான். 'இங்கன இல்லப்பா' என்று நான் சொல்லி முடிக்கவில்லை, கழுத்தில் சுரீரென்றது. என் சம்பளத்தில் நானே வாங்கிப் போட்ட சங்கிலி. ஓடிவிட்டான்.

கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்கள். எனக்குக் கால் என்றைக்குமே ஓடியதில்லை. அன்றைக்குக் கையும் ஓடவில்லை. மடியில் வைத்த கை மடியிலேயே இருந்தது. எதிரே குடத்தோடு நின்ற ஒரு பெண் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். பிறகு கேட்டால், "ஒங்க சொந்தக்காரப் பையன்னுல்லம்மா நெனச்சேன், நீங்க நன்றி சொன்னீகளே" என்றாள். அன்று முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன். சங்கிலிக்காக இல்லை, அந்த நன்றிக்காக.

என் தம்பி என்னைவிட மூன்று வயது சின்னவன். அவன் வீட்டில்தான் இருக்கிறேன். லோடு ஆட்டோ ஓட்டுகிறான். தாயில்பட்டி, விஸ்வநத்தம் பக்கத்து ஆலைகளில் பட்டாசுப் பெட்டி ஏற்றி, வெளியூருக்குச் சரக்கு அனுப்புகிற சிவகாசி லாரி செட்டுகளில் இறக்குவான். என் மேல் உயிரையே வைத்திருக்கிறான். அதுதான் பிரச்சினையே. கழுத்தில் இருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தான், அழுதான், கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னான்.

"இனிமே நீ வேலைக்குப் போகவேண்டாம்க்கா. வீட்ல உக்காந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுத்து, போதும்."

"ஏலே, இருபத்திரண்டு வருசம் பிழை பாத்த கண்ணு இது. குழாய் சுத்தவா?"

மூன்று நாள் நான் சாப்பிடவில்லை. நான்காவது நாள் பாதி இறங்கி வந்தான். காலையில் அவனே லோடு ஆட்டோவில் கொண்டு விடுவான், சாயங்காலம் அவனே வந்து கூட்டிப் போவான். தனியாகப் போகக் கூடாது. தீபாவளி வரைக்கும்தான் இந்த ஏற்பாடு. தீபாவளி முடிந்தால் இங்கே லோடு குறைந்துவிடும், அவன் ராஜபாளையத்துப் பக்கம் மில் லோடு ஓட்ட விடியுமுன்னே கிளம்ப வேண்டும். அதற்குப் பிறகு என்னைக் கொண்டுவிட ஆளில்லை. அதாவது, தீபாவளியோடு என் வேலை போயிற்று.

பட்டாசுப் பெட்டி போகிற வண்டியில் நானும் போனேன், லோடோடு லோடாக. அதில் எனக்கு ஆகவே ஆகாதது ஒன்று உண்டு. அச்சக வாசலில் வண்டியை நிறுத்தியதும் தம்பி குரல் கொடுப்பான்.

"அண்ணே, ஒரு கை பிடிங்க!"

நாலு பேர் வந்துவிடுவார்கள். ஆளுக்கொரு மூலையைப் பிடித்து நாற்காலியோடு என்னைத் தூக்கி இறக்கி வைப்பார்கள். பேப்பர் பண்டலுக்கும் அதே குரல், எனக்கும் அதே குரல். தினமும் காலையில் அந்த நாலு பேருக்கு நடுவில் அந்தரத்தில் தொங்கும்போது, வாய்க்குள்ளேயே தம்பியைத் திட்டித் தீர்ப்பேன்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு நோட்டீஸ் என் மேசைக்கு வந்தது. விருதுநகரில் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருக்கிற ஒரு பெண், கராத்தே வகுப்புக்காக அடிக்கக் கொடுத்தது. 'தற்காப்புப் பயிற்சி. ஆண், பெண், சிறியவர், பெரியவர் அனைவரும் சேரலாம்' என்று இருந்தது. பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் என் சிவப்புப் பேனா 'அனைவரும்' என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டது. பேனா போட்டது என்ன, நான்தான் போட்டேன்.

சாயங்காலம் டீச்சர் வந்தாள். முப்பது வயது இருக்காது, என்னைவிட ரொம்பச் சின்னவள். தாளைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள்.

"இதுல என்னக்கா தப்பு?"

"தப்பு இருக்கா இல்லையான்னு நீங்கதான் டீச்சர் சொல்லணும். இந்த அனைவர்ல நான் உண்டா?"

என் நாற்காலியைப் பார்த்தாள். 'ஐயோ பாவம்' என்று ஒரு சொல் வந்தால் வாங்கிக் கட்டிக்கொள்வாள் என்று நானும் தயாராகத்தான் இருந்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை.

"தெரியலக்கா. உக்காந்துகிட்டே அடிக்கிறதுக்கு எனக்கு யாரும் சொல்லித் தரலை. வேணும்னா ரெண்டு பேரும் சேந்து கண்டுபிடிப்போம்" என்றாள். போகும்போது திரும்பி, "அந்த வார்த்தை அப்படியே இருக்கட்டும், எடுத்துராதீக" என்றாள்.

அந்த நிமிடமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

இடம் கொடுத்தவர் விஸ்வநத்தத்தில் செராக்ஸ் கடை வைத்திருக்கும், எனக்குப் பழக்கமான ஓர் அண்ணன். அவரும் சக்கர நாற்காலிதான். பல வருடத்துக்கு முன் பட்டாசு வேலையில் இருந்தபோது ஒரு விபத்தில் சுவர் முதுகில் விழுந்தது. எந்த ஆலை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அவர் கடைக்குப் பின்னால் சிமெண்ட் போட்ட ஒரு களம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நாங்கள் மூன்று பேரும் கூடுவோம். தம்பி கொண்டுவந்து இறக்கிவிட்டு, 'என்னத்தையோ செய்' என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விடுவான்.

முதல் நாள் டீச்சர் அண்ணனின் பழைய நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்தாள். "ஒங்க இடத்துல உக்காராம எனக்குப் புரியாதுக்கா." வேகமாக ஒரு தள்ளு தள்ளினாள், அப்படியே மல்லாக்கச் சாய்ந்தாள். நாங்கள் பதறிப்போனோம். அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "மொதப் பாடம் கெடச்சிருச்சு. பின்னால சாஞ்சா தாடையை நெஞ்சுல ஒட்ட வச்சுக்கிடணும். மண்டை தரையில படாது." அவள் மண்டை பட்டிருந்தது. கொட்டைப்பாக்கு அளவு வீங்கியது.

இரண்டாவது பாடம் என்னுடையது. டீச்சர் ஒரு மெத்தைப் பலகையை நீட்டினாள், நான் ஓங்கிக் குத்தினேன். அவள் அசையவில்லை. நான்தான் சர்ரென்று பின்னால் உருண்டு சுவரில் போய் முட்டினேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அடிச்சதும் நீ, ஓடுறதும் நீயா தங்கச்சி!"

"வாயை மூடுங்கண்ணே" என்றேன். அன்றிலிருந்து, அடிப்பதற்கு முன் பிரேக் போடு என்பது எங்கள் சட்டமாயிற்று.

மணிக்கட்டைப் பிடித்தால் எப்படி விடுவிப்பது என்று காட்டுவதற்காக, "எங் கையைப் பிடிங்கக்கா, நல்லா இறுக்கி" என்றாள். பிடித்தேன். "இப்பப் பாருங்க, பெருவிரல் பக்கம்தான் பிடி பலவீனம், அந்தப் பக்கமா இப்படித் திருப்பி…" என்று இழுத்தாள். வரவில்லை. இன்னும் இழுத்தாள். முகம் சிவந்துவிட்டது. "என்னக்கா இது, இரும்பா?" என்றாள். கறுப்புப் பட்டை வாங்கியவள்! நாற்பது வருடம் இந்தக் கைகள்தான் எனக்குக் காலாகவும் இருந்திருக்கின்றன. தவழ்ந்தது இந்தக் கை, சுற்றியது இந்தக் கை, உருட்டியது இந்தக் கை. ஊரே பார்த்து உச்சுக்கொட்டிய உடம்பில் இப்படி ஒரு சொத்து இருப்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. அன்று ராத்திரி சோறு இரண்டு மடங்கு சாப்பிட்டேன்.

பிறகு ஒவ்வொன்றாகக் கிடைத்தது. பையை நாற்காலி முதுகில் மாட்டாதே, வாரை மாட்டி மடியில் வை. காத்திருக்கும்போது முதுகைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொள். நிற்கிறவன் நம்மைத் தொட வேண்டுமென்றால் குனிந்தே ஆக வேண்டும். குனிந்தால் அவன் மூக்கு நம் கைக்கு வந்துவிடும். "ஒசரமா நிக்கிறவனுக்குத்தான்க்கா இதுல கஷ்டம்" என்று டீச்சர் சொன்னபோது எனக்குப் புல்லரித்தது.

கைப்பிடியை என்ன செய்வது என்பதுதான் பெரிய பாடாக இருந்தது. மூன்று ஞாயிறு மண்டையைப் போட்டு உடைத்தோம். கடைசியில் வழி சக்கரத்திலேயே இருந்தது. வலது சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, இடது சக்கரத்தை ஒரே தள்ளாக முன்னால் தள்ள வேண்டும். நாற்காலி கிர்ரென்று சுற்றும். கைப்பிடியைப் பிடித்தவன் மணிக்கட்டு முறுக்கிக்கொண்டு பிடி நழுவும், பின்னால் நின்றவன் முன்னால் வந்துவிடுவான். சுற்றுகிற வேகத்தில் கால் வைக்கும் தகடு அவன் முழங்காலுக்குக் கீழே எலும்பில் போய் இடிக்கும். டீச்சரின் கால் ஆவணி வரைக்கும் ஊதா நிறத்தில் இருந்தது. அவள் அதைப் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் காட்டினாளாம்.

பேச்சிலும் ஒரு கணக்கு வைத்தோம். யாராவது கைப்பிடியைத் தொட்டால் முதலில் 'வேண்டாங்க'. கேட்காவிட்டால் 'கையை எடு'. அப்புறமும் கேட்காவிட்டால் 'எடுலே'. உதவ வந்தவன் முதல் படியிலேயே கையை எடுத்துவிடுவான். மூன்றாவது படி வரைக்கும் வருகிறவன் உதவ வந்தவன் இல்லை. எவ்வளவு சுலபம்! இது தெரியாமல் இத்தனை வருடம் பல்லைக் கடித்திருக்கிறேன்.

ஆவணியில் ஒரு ஞாயிறு, டீச்சர் கத்தப் பழக வேண்டும் என்றாள். தற்காப்பில் பாதி தொண்டைதானாம். அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும், ஆள் வர வேண்டும். நான் மூச்சை இழுத்து, ஊரே கேட்கும்படி "ஆ…ஏய்!" என்று ஒரு கத்துக் கத்தினேன். அண்ணனும் கூடச் சேர்ந்துகொண்டார்.

களத்தை ஒட்டி ஒரு செட் உண்டு. பட்டாசுக்கான கிஃப்ட் பாக்ஸ் கட்டும் இடம். சீசன் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. எங்கள் சத்தம் போன அடுத்த நொடி அந்த செட்டிலிருந்து இருபது பெண்கள் தலைதெறிக்க ஓடினார்கள். எங்களை நோக்கி அல்ல, எதிர்ப்பக்கம். ரோட்டைத் தாண்டி, வேலிக்கருவையைத் தாண்டி, வெட்ட வெளியில் போய்த்தான் நின்றார்கள். பாதிப் பேர் காலில் செருப்பில்லை. ஒரு பெண் கையில் பசை டப்பாவோடு ஓடியிருந்தாள்.

புகை எதுவும் கிளம்பவில்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்தார்கள். வந்து வாங்கு வாங்கென்று வாங்கினார்கள்.

"ஏம்மா, ஒங்களுக்குக் கூறு இருக்கா? எங்களுக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு! இங்கன நின்னுகிட்டா கத்துவீக?"

டீச்சர் மன்னிப்புக் கேட்டாள். நானும் கேட்டேன், என் வாழ்க்கையில் அபூர்வமாக. அவர்கள் போன பிறகு டீச்சர் யோசனையோடு சொன்னாள், "வெளியூர்ல எல்லாம் 'தீ'ன்னு கத்தச் சொல்லுவாங்க, அப்பத்தான் ஆள் வரும்னு."

"தாயீ," என்றார் அண்ணன், "இங்கன தீன்னு கத்துனா, அடுத்த ஊரு எல்லைக்குப் போயித்தான் திரும்பிப் பாப்பாக." சிரித்துக்கொண்டே சொன்னவர் சட்டென்று நிறுத்தினார். "அவுகளைக் குத்தம் சொல்லக் கூடாது. சத்தம் கேட்டா எதையும் பாக்காம ஓடுன்னுதான் எங்களுக்கும் சொல்லிக் குடுத்தாக. நானும் ஓடுனேன். கொஞ்சம் பிந்திட்டேன், அம்புட்டுதான்."

அவர் சொன்னதில் எனக்கு ஒன்று உறைத்தது. இந்த மண்ணில் அலறினால் ஆள் வராது. இருக்கிற ஆளும் ஓடிவிடும். பயந்து ஓடுகிற கால்களை ஓடாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? அப்படியானால் நான் எதைச் சொல்லிக் கூப்பிடுவது?

மறுநாள் திங்கட்கிழமை காலை, அச்சக வாசல். தம்பி வழக்கம்போலக் குரல் கொடுத்தான். "அண்ணே, ஒரு கை பிடிங்க!"

அன்றைக்குத்தான் நான் திட்டாமல் கவனித்தேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர் கிளாஸை அப்படியே தரையில் வைத்தார். பைண்டிங் செக்‌ஷனிலிருந்து ஒருவர் கைப் பசையைக் கைலியில் துடைத்துக்கொண்டே வந்தார். தன் சாப்பாட்டுப் பையைக்கூடத் தான் தூக்காத மேனேஜர், போனில் பேசிக்கொண்டே ஒரு கையை நீட்டிக்கொண்டு வந்தார். என்ன ஏது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எதைத் தூக்குவது என்றுகூடப் பார்க்கவில்லை. காதில் விழுந்ததும் கால் வந்துவிட்டது. சத்தத்துக்கு ஓடிப் பழகிய அதே ஊர், இந்தச் சொல்லுக்கு வந்து பழகியிருக்கிறது. லோடு ஏற்றி லோடு இறக்கியே பிழைக்கிற ஊர் அல்லவா!

"ஏலே, எனக்குக் கெடச்சிருச்சுலே!" என்று அந்தரத்தில் தொங்கிக்கொண்டே கத்தினேன். தம்பி பயந்து போய், "என்னக்கா, எங்கயும் வலிக்குதா?" என்றான்.

அடுத்த ஞாயிறு களத்தில் இருந்தபடியே, அடிவயிற்றிலிருந்து, "ஒரு கை பிடிங்க!" என்று ஒரு குரல் கொடுத்தேன். செட்டிலிருந்து ஆறு பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார்கள். முதல் ஆளாக வந்தவள், போன வாரம் எங்களுக்குக் கூறு இருக்கா என்று கேட்டவள். டீச்சருக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. வந்தவர்களைச் சும்மா அனுப்ப மனமில்லாமல் அண்ணன் தன் பழைய செராக்ஸ் மிஷினை இடம் மாற்றி வைத்துக்கொண்டார்.

தீபாவளி வந்தது, போனது. தம்பி வண்டியைக் கழுவி ராஜபாளையம் போகத் தயாரானான். எங்கள் அச்சகத்துக்கோ அதுதான் உச்ச சீசன். காலண்டர் ஆர்டர் மலைபோலக் குவிந்திருந்தது. நான் தம்பியை எதிரே உட்கார வைத்தேன்.

"நான் தனியாப் போறேன்."

"அது நடக்காதுக்கா."

"ஒரு வாரம் பாரு. ஒரே ஒரு வாரம்."

அவன் எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தான். "சரி, ஒரு வாரம். ஆனா ஒண்ணு கேட்டுக்க. எதாவது ஒண்ணு ஆச்சு, சின்னதா ஆனாலும் சரி, அதோட வேலையை விட்டுறணும். பெறகு பேச்சே கெடையாது."

"சரி" என்றேன். சரி என்று சொல்லிவிட்டு அன்றிரவு தூங்கவில்லை.

திங்கள் போனேன், செவ்வாய் போனேன், புதன் போனேன். ஒரு குறையும் இல்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு என் கையால் உருட்டிக்கொண்டு அந்த மேட்டில் ஏறியபோது தோள் வலித்தது. அந்த வலி அவ்வளவு சுகமாக இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி. மழை பெய்து விட்டிருந்தது. லாரி செட் இருக்கும் தெருவில் வந்துகொண்டிருந்தேன். நாற்காலி திடீரென்று லேசாயிற்று. அந்த லேசு எனக்குத் தெரியும்.

"எங்கக்கா போகணும்? நான் தள்ளி விடுறேன்."

"வேண்டாங்க. நானே போயிக்கிடுவேன்."

"அட, இருக்கட்டும்க்கா." வேகம் கூடியது.

"கையை எடு."

அவன் சிரித்தான். நாற்காலியை இடது பக்கச் சந்துக்குத் திருப்பினான்.

"எடுலே!"

எடுக்கவில்லை. மூன்று படியும் முடிந்தது. தாடையை நெஞ்சில் ஒட்டினேன், உடம்பை முன்னால் சாய்த்தேன், வலது சக்கரத்தை இரும்பாகப் பிடித்தேன். ஈரத்தில் ரப்பர் உள்ளங்கையை உரித்தது. இடது சக்கரத்தை ஒரே தள்ளு. நாற்காலி சுற்றியது. பின்னால் "ஆ" என்றொரு சத்தம். அடுத்த நொடி அவன் என் எதிரே நின்றான், தகடு அவன் காலெலும்பில் நச்சென்று இடித்தது. முப்பது வயதுக்காரன், நல்ல சட்டை போட்டிருந்தான். வைகாசியில் வந்தவன்தானா, தெரியாது; அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு என் மடியிலிருந்த பையைப் பிடுங்கக் குனிந்தான்.

குனியத்தானே வேண்டும்! பிரேக்கைப் போட்டேன். பையை நோக்கி வந்த கையின் பெருவிரல் என் பிடிக்குள் வந்தது. பின்பக்கமாக வளைத்தேன். அவன் முழங்கால் தரையில் பட்டது. இன்னொரு கையால் அவன் என் தோளைத் தள்ளப் பார்த்தான், நான் விடவில்லை. கறுப்புப் பட்டையே விடுவிக்க முடியாத பிடி, இவன் எம்மாத்திரம்? ஆனால் எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்? மூச்சை அடிவயிறு வரைக்கும் இழுத்தேன்.

"அண்ணே, ஒரு கை பிடிங்க!"

லாரி செட்டிலிருந்து சுமை தூக்குகிறவர்கள் வந்தார்கள். ஐந்து பேர், ஆறு பேர், தோளில் துண்டோடு. முன்னால் வந்தவர் இரண்டு கையையும் ரெடியாக விரித்துக்கொண்டு கேட்டார்.

"எதைக்கா தூக்கணும்?"

"இவனைத்தான்" என்றேன்.

தூக்கினார்கள். நாலு பேர் நாலு மூலை. அந்தரத்தில் தொங்கினான். அந்தத் தொங்கல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். போலீஸ் வந்து அவனைக் கூட்டிப் போகும்வரை நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். சிரிப்பு நின்ற பிறகுதான் சுருக்கென்றது. எதாவது ஒண்ணு ஆச்சுன்னா அதோட சரி என்றானே. ஆகிவிட்டதே!

"எந் தம்பிக்குச் சொல்லிராதீகண்ணே" என்றேன்.

"அப்பவே போன் போட்டாச்சேக்கா. வந்துக்கிட்டு இருக்காப்ல."

ஒரு மணி நேரத்தில் லோடு ஆட்டோ வந்து நின்றது. தம்பி குதித்து இறங்கினான். என் கழுத்தைப் பார்த்தான், கையைப் பார்த்தான். உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தது. அவன் வாயைத் திறக்குமுன் நானே முந்திக்கொண்டேன்.

"எதாவது ஆச்சுன்னா வேலை கெடையாதுன்ன. ஆயிருச்சு. இப்ப என்ன சொல்ற, சொல்லு."

அதற்குள் சுமை தூக்குகிற அண்ணன் நடந்ததை நடித்தே காட்டினார். அவரே நாற்காலியாகச் சுற்றினார், அவரே "எதைக்கா தூக்கணும்" என்றார், அவரே "இவனைத்தான்" என்று என் குரலில் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். தம்பி மட்டும் சிரிக்கவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது.

பிறகு வழக்கம்போல என் பின்னால் வந்தான். சின்ன வயதிலிருந்து எதையும் கேட்காமல் என்னைத் தூக்கியவன், தள்ளியவன், ஏற்றியவன், இறக்கியவன். இப்போதும் கைப்பிடியை நோக்கி அவன் கை வருவது தெரிந்தது. என் வலது கை தானாகச் சக்கரத்தை இறுக்கியது. ஆனால் கைப்பிடி அசையவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவன் கை இரண்டும் கைப்பிடிக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் அப்படியே நின்றிருந்தன.

"தள்ளவாக்கா?" என்று கேட்டான்.

நாற்பது வருடத்தில் என் வீட்டில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. சக்கரத்திலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"தள்ளுலே" என்றேன்.

வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தான். லோடு ஆட்டோ லாரி செட்டிலேயே நின்றது. வாசலில் வந்து நின்ற பிறகு, "கையில மருந்து போட்டுக்கக்கா. நாளைக்கு அந்த மேட்டுல ஏறணும்ல" என்றான். வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு, உள்ளங்கையில் துணி சுற்றிக்கொண்டு, நான் தனியாக வேலைக்குப் போனேன்.